கண்ணில் இல்லாத குறை: மூளை ரத்தக்குழாய்ப் பிறழ்வுகளும் பார்வை இழப்பும்

கண் மருத்துவரின் அறையில் எழுத்துப் பலகையின் கடைசி வரி வரை ஒருவர் தடுமாறாமல் படித்துவிட்டால், அவருடைய பார்வை நன்றாக இருக்கிறது என்றே எல்லோரும் முடிவு கட்டுவோம். அந்தப் பலகை அளப்பது பார்வையின் கூர்மையை மட்டும்தான். நேர் எதிரே இருப்பதை எவ்வளவு நுணுக்கமாகப் பார்க்க முடிகிறது என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. பார்வைக்கு இன்னொரு அளவும் உண்டு. ஒரு புள்ளியை அசையாமல் பார்த்துக்கொண்டிருக்கும்போது சுற்றிலும் எவ்வளவு அகலத்துக்கு உலகம் தெரிகிறது என்ற அளவு அது. அதைப் பார்வைப் புலம் என்கிறோம். மூளையின் ரத்தக்குழாய்கள் தவறாகப் பின்னிக்கொள்வதாலும், சேரக் கூடாத இடத்தில் சேர்ந்துகொள்வதாலும் உண்டாகும் பார்வை இழப்பில் பெரும்பகுதி இந்தப் புலத்தில்தான் நிகழ்கிறது. கூர்மை 6/6 என்று இருக்கும். புலத்தில் பாதி இருக்காது. நோயைக் கண்டுபிடிக்கும்போதும், சிகிச்சை வேண்டுமா வேண்டாமா என்று முடிவெடுக்கும்போதும், சிகிச்சையின் பலனை மதிப்பிடும்போதும் புலத்தை அளப்பது விட்டுப்போகிறது. காப்பாற்றியிருக்கக்கூடிய பார்வை பலருக்குப் பறிபோவதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் பிறழ்வுகள் எவை என்று பார்த்துவிடலாம். இதயத்திலிருந்து தமனியில் அதிக அழுத்தத்தோடு வரும் ரத்தம், தந்துகிகளில் பிரிந்து வேகம் தணிந்து, ஆக்ஸிஜனைக் கொடுத்துவிட்டுச் சிரை வழியே திரும்புகிறது. மருத்துவர்கள் ஏ.வி.எம். என்று சுருக்கிச் சொல்லும் தமனி–சிரைப் பின்னலில் நடுவே தந்துகிகளே இல்லை. ஆற்று நீரை மதகு இல்லாமல் நேரே வயல் வாய்க்காலில் திருப்பிவிட்டால் கரை என்ன ஆகுமோ, அதுதான் மெல்லிய சுவருள்ள சிரைக்கும் ஆகிறது. விரிகிறது, நெளிகிறது, சிலருக்கு ஒருநாள் உடைகிறது. லட்சம் பேரில் ஏறத்தாழ 10 முதல் 18 பேருக்கு இந்தப் பின்னல் இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். இதுவரை உடையாத பின்னல் ஓர் ஆண்டில் உடையும் வாய்ப்பு சுமார் 1 முதல் 2 சதவீதம். ஒருமுறை உடைந்ததென்றால் 4 முதல் 5 சதவீதம். இரண்டாவது வகை கேவர்னோமா. இதில் தந்துகிகள் சிறுசிறு பைகளாக வீங்கி ஒரு கொத்தாகிவிடும். ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்கு இது உண்டு. பெரும்பாலோருக்கு ஆயுள் முழுக்கத் தெரியவே வராது. மூன்றாவது வகை, மூளையின் உறையில் தமனியும் சிரையும் நேரடியாக இணைந்துகொள்ளும் ஃபிஸ்டுலா. இது பெரும்பாலும் பிறவியில் வருவதில்லை. அடிபட்ட பிறகோ, மூளையின் சிரைப் பாதையில் ரத்தம் உறைந்த பிறகோ, சில சமயம் காரணமே தெரியாமலோ நடுவயதில் உருவாகிறது. குழந்தைகளிடம் காணும் கேலன் சிரைப் பிறழ்வு, முகத்தில் செந்நிறப் படலத்தோடு வரும் ஸ்டர்ஜ்–வெபர் நோய், விழித்திரையிலும் நடுமூளையிலும் ஒருசேரப் பின்னல் உள்ள வைபர்ன்–மேசன் நோய் ஆகியவையும் பார்வையைப் பறிக்கக்கூடியவையே. அவற்றின் கதை தனி. இங்கே பெரியவர்களைப் பற்றியே பேசுகிறேன்.

இந்தப் பிறழ்வுகள் பார்வையை ஏன் இவ்வளவு எளிதாகத் தொட்டுவிடுகின்றன என்பதற்கு மூளையின் அமைப்பே விடை. விழித்திரையில் தொடங்கும் பார்வைப் பாதை தலையின் முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரை மூளையின் நீளம் முழுவதும் ஓடுகிறது. ஒவ்வொரு கண்ணிலிருந்தும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட நரம்பிழைகள் புறப்படுகின்றன. மூளையின் அடிப்பகுதியில் அவற்றில் ஏறத்தாழப் பாதி எதிர்ப்பக்கம் தாண்டிப் போகின்றன. அந்தச் சந்திப்புக்குப் பின்னால் கண் என்ற கணக்கே கிடையாது. வலது மூளைக்கு இரண்டு கண்களும் பார்க்கும் இடப்பாதி உலகம், இடது மூளைக்கு வலப்பாதி உலகம் என்பதே கணக்கு. சந்திப்பிலேயே ஒரு கேவர்னோமா கசிந்தால் திடீர்த் தலைவலியோடு இரு கண்ணும் மங்கும். பொட்டு மடலில் பாதை முன்னோக்கி வளைந்து திரும்பும் இடத்தில் சேதம் என்றால் எதிர்ப்பக்கத்தில் மேல் கால்பகுதி போகும். உச்சி மடலில் என்றால் கீழ்க் கால்பகுதி. அப்போது படி இறங்குவது கஷ்டமாகிவிடும். பிடரி மடலில் என்றால் பாதி உலகமே போகும். ஆனால் நட்டநடுப் பார்வை பல சமயம் தப்பிவிடும். தப்பாவிட்டாலும் மீதிப் பாதி மையம் எழுத்துகளைப் படிக்கப் போதும். அதனால்தான் பலகைச் சோதனையில் இவர்கள் எளிதாகத் தேறிவிடுகிறார்கள்.

பிடரி மடலுக்கும் பார்வைக்கும் அங்கே ஓடும் ரத்தத்துக்கும் உள்ள உறவை, ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு நோயாளி தெளிவாகக் காட்டிவிட்டார். 1926-ல் பாஸ்டன் நகரின் பீட்டர் பென்ட் பிரிகாம் மருத்துவமனைக்கு, தலைவலியோடும் குறைந்துவரும் பார்வையோடும் 26 வயது மாலுமி ஒருவர் வந்தார். தன் பிடரியில் ஒரு இரைச்சல் கேட்டுக்கொண்டே இருக்கிறது என்றும் சொன்னார். மூளை அறுவை நிபுணர் ஹார்வி குஷிங் மண்டையைத் திறந்து பார்த்தபோது பிடரி மடலில் பெரிய தமனி–சிரைப் பின்னல் இருந்தது. அதை எடுக்க முடியவில்லை. எலும்பு அகற்றப்பட்ட இடத்தில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால் அந்த இரைச்சல் வெளியிலிருந்தே கேட்டது. குஷிங்கின் சகா ஜான் ஃபுல்டன் அதைப் பதிவு செய்து 1928-ல் வெளியிட்டார். இருட்டறையில் ஓய்வாக இருந்தபின் நோயாளி கண்ணை உபயோகிக்கத் தொடங்கியதும் இரைச்சல் கூடியது. சிறிய எழுத்தை உற்றுப் படித்தபோது நன்றாகவே கூடியது. புகையிலையையும் வெனிலாவையும் முகரச் சொன்னபோது மாற்றமில்லை. தூரத்துக் கடிகாரத்தின் டிக் டிக் ஓசையைக் காதைத் தீட்டிக் கேட்டபோதும் மாற்றமில்லை. மூளையின் ஒரு பகுதி வேலை செய்யும்போது அங்கே ரத்த ஓட்டம் கூடும் என்பதற்கு மனிதரிடம் கிடைத்த ஆரம்பகாலச் சான்றுகளில் இது ஒன்று. இன்றைய செயல்பாட்டு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் நிற்பதும் அதே அடிப்படையில்தான். அறிவியல் அந்த மாலுமியிடமிருந்து நிறையப் பெற்றுக்கொண்டது. அவருடைய பார்வையை மீட்டுத்தர அன்று யாராலும் முடியவில்லை.

பின்னல் எப்படிப் பார்வையைக் கெடுக்கிறது என்பதில் இன்றும் ஒரு கருத்து வேறுபாடு உண்டு. பின்னல் ரத்தத்தைத் தன்பால் இழுத்துக்கொள்வதால் அக்கம்பக்கத்துத் திசு பட்டினி கிடக்கிறது என்று நெடுநாள் நம்பினார்கள். இதற்கான சான்று வலுவாக இல்லை. புலத்தை நிரந்தரமாக இழந்தவர்களில் பெரும்பாலோர் ரத்தக் கசிவுக்கு ஆளானவர்கள் அல்லது சிகிச்சையின் விளைவாக இழந்தவர்கள். சிரைகளில் அழுத்தம் ஏறித் திசு வீங்குவதும் சிலருக்குக் காரணமாகிறது. இவை தவிர வந்துபோகும் தொந்தரவுகளும் உண்டு. பிடரி மடல் வலிப்பில் வண்ண வட்டங்களும் புள்ளிகளும் சில விநாடிகளோ ஓரிரு நிமிடங்களோ தோன்றி மறையும். ஒற்றைத் தலைவலிக்கு முன் வரும் காட்சியோ பெரும்பாலும் நிறமில்லாத கோணல்மாணல் கோடுகளாக ஐந்து நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை மெல்ல விரியும். ஒற்றைத் தலைவலி பக்கம் மாறி மாறி வருவது வழக்கம். ஒவ்வொரு முறையும் அதே பக்கத்திலேயே காட்சியும் வலியும் வருகின்றன என்றால், அது ஒற்றைத் தலைவலியாகவே இருக்கலாம் என்றாலும், ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடுவதே முறை.

இனி கண்டுபிடிக்கும் கட்டத்துக்கு வருவோம். இடப்பாதி உலகத்தை இழந்த ஒருவர் “எனக்கு இடப்பாதி உலகம் தெரியவில்லை” என்று சொல்வதில்லை. “இடது கண் சரியாகத் தெரியவில்லை” என்கிறார். ஒரு கண்ணை மூடிப் பார்த்து ஒப்பிடும் பழக்கம் யாருக்கும் இல்லை. கேட்பவர் இடது கண்ணைச் சோதிக்கிறார். விழித்திரை நன்றாக இருக்கிறது, கண்புரை இல்லை, கூர்மை சரி. புதிய கண்ணாடி எழுதித் தரப்படுகிறது. இன்னும் சிலருக்குக் குறை இருப்பதே தெரியாது. காணாத பகுதி கறுப்பாகத் தோன்றுவதில்லை. அது இல்லாமலே போய்விடுகிறது. இல்லாததை மூளை தேடுவதில்லை. அவர்கள் கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்கிறார்கள், தட்டின் ஒரு பக்கத்துச் சாப்பாட்டை விட்டுவிடுகிறார்கள், வண்டியில் போகும்போது ஒரே பக்கமாக உரசிக்கொள்கிறார்கள். வீட்டார் இதைக் கவனக்குறைவு என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

இந்தக் குறையைப் பிடிக்க எந்த இயந்திரமும் வேண்டாம். மருத்துவர் நோயாளிக்கு எதிரே ஒரு கை தூரத்தில் உட்காருகிறார். நோயாளி ஒரு கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு மருத்துவரின் மூக்கையே பார்க்கிறார். மேலே இடம், மேலே வலம், கீழே இடம், கீழே வலம் என்று நான்கு மூலைகளிலும் மருத்துவர் ஒன்றோ இரண்டோ ஐந்தோ விரல்களைக் காட்டி எத்தனை என்று கேட்கிறார். பிறகு இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் காட்டுகிறார். கடைசியாக, சொட்டு மருந்துக் குப்பியின் சிவப்பு மூடியை முதலில் இந்தப் பக்கமும் பிறகு அந்தப் பக்கமும் காட்டி, சிவப்பு எந்தப் பக்கம் வெளுத்துத் தெரிகிறது என்று கேட்கிறார். அடுத்த கண்ணுக்கும் இதேதான். எல்லாம் சேர்ந்து இரண்டு மூன்று நிமிடம். பாதிப் புலம் போயிருந்தால் பெரும்பாலும் இதிலேயே பிடிபடும். சிறிய குறைகள் தப்பக்கூடும் என்பது உண்மை. அவற்றுக்குத்தான் புலமானி இயந்திரம் இருக்கிறது. நரம்பியல் பயிற்சியில் இந்த விரல் சோதனை ஆரம்பப் பாடம். நெரிசலான வெளிநோயாளிப் பிரிவில் முதலில் கைவிடப்படுவதும் அதுவே.

புலத்தைவிட வேறு தடயங்கள் முக்கியமாகும் ஒரு வகை ஃபிஸ்டுலாவும் உண்டு. கண்ணுக்குப் பின்னால், மூளையின் பெரிய தமனி கடந்துபோகும் குகை போன்ற சிரைப் பையில் அந்தத் தமனியே கிழிந்து திறந்துகொள்வது அல்லது உறைத் தமனிகளின் சிறு கிளைகள் அதில் திறந்துகொள்வது. முதலாவது பெரும்பாலும் தலையில் அடிபடுவதால் வருகிறது. 2022-ல் 64,105 சாலை விபத்துகளோடு எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடத்தில் இருந்த தமிழ்நாட்டில் மருத்துவர்கள் இதை மறக்கவே கூடாது. தமனியின் அழுத்தம் கண்ணின் சிரைகளுக்குள் பின்னோக்கிப் பாய்கிறது. கண் சிவந்து வீங்கிப் பிதுங்குகிறது. கண் பிரஷர் ஏறுகிறது. கண்ணை வெளிப்பக்கம் திருப்பும் நரம்பு செயலிழந்து எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது. நாடித் துடிப்போடு சேர்ந்து தலைக்குள் ‘உஷ் உஷ்’ என்ற ஒலி கேட்கிறது. இரண்டாம் வகையில் இவையெல்லாம் மெதுவாக, அரைகுறையாக வருவதால் மெட்ராஸ் ஐ என்றும் அலர்ஜி என்றும் தைராய்டு கண் நோய் என்றும் கருதி மாதக்கணக்கில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருப்பார்கள். மெட்ராஸ் ஐ ஒன்றிரண்டு வாரத்தில் அடங்கிவிடும், இது அடங்காது. வெள்ளை விழியில் நெளிந்து சுருண்ட சிரைகள் கருவிழியின் ஓரம் வரை வந்து நிற்பது இதன் அடையாளம். மூடிய இமைமேல் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால் சிலருக்கு அந்த ஒலி மருத்துவரின் காதிலேயே விழும். லண்டனில் பெஞ்சமின் ட்ராவர்ஸ் 1809-ல் கழுத்துத் தமனியைக் கட்டி இதற்கு வைத்தியம் பார்த்தார். மாஸ்கோவில் ஃபியோதர் செர்பினென்கோ 1970-களில் ரத்தக்குழாய்க்குள் பலூனை அனுப்பி ஓட்டையை அடைத்துக் காட்டினார். இன்று உலோகச் சுருள்களும் பசை மருந்தும் அந்த வேலையைச் செய்கின்றன. நேரத்தோடு அடைத்தால் சிவப்பும் வீக்கமும் சில வாரங்களில் இறங்கி, பல சமயம் பார்வையும் திரும்புகிறது. பார்வை நரம்பு நெடுநாள் நசுங்கிக் கிடந்திருந்தால் திரும்புவதில்லை.

இதைவிட ஓசையில்லாமல் வேலையைக் காட்டுவது, காதுக்குப் பின்னால் உள்ள பெரிய சிரைப் பாதையில் திறக்கும் உறை ஃபிஸ்டுலா. இது பார்வைப் பாதையைத் தொடுவதே இல்லை. சிரை அழுத்தத்தைக் கூட்டி மண்டைக்குள் இருக்கும் நீரழுத்தத்தை ஏற்றிவிடுகிறது. அதனால் இரு கண்களிலும் பார்வை நரம்பின் தலை வீங்குகிறது. இதன் அபாயமே கூர்மை கடைசிவரை நன்றாக இருப்பதுதான். குருட்டுப் புள்ளி பெரிதாகிறது, புலம் ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வருகிறது, நரம்பு வெளுத்த பிறகுதான் எழுத்துப் பலகையில் தடுமாற்றம் தெரிகிறது. அப்போது செய்வதற்கு அதிகம் மிஞ்சியிருக்காது. காரணம் தெரியாத மண்டை அழுத்த நோய் என்று பெயரிட்டு மாத்திரை மட்டும் கொடுத்தால் உண்மையான காரணம் மறைந்தே இருக்கும். சாதாரண ஸ்கேனில் இந்த ஃபிஸ்டுலா தப்பக்கூடும். ரத்தக்குழாய்களை மட்டும் காட்டும் ஸ்கேனோ, தேவைப்பட்டால் ஆஞ்சியோகிராமோ வேண்டும். காதில் நாடித் துடிப்போடு ஒலி கேட்கிறதா என்று கேட்டால் அந்த வழி திறந்துவிடும். கேட்காவிட்டால் நோயாளி தாமாகச் சொல்வது அபூர்வம். கண்ணுக்கு வந்த இடத்தில் காதைப் பற்றி எதற்குச் சொல்வது என்று அவர் நினைப்பார்.

இவையெல்லாம் அபூர்வ நோய்கள், ஒவ்வொரு தலைவலிக்கும் ஒவ்வொரு சிவந்த கண்ணுக்கும் ஸ்கேன் எடுத்தால் நாடு தாங்குமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். தலைவலிக்காரர் அனைவரையும் ஸ்கேனுக்கு அனுப்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அப்படி அனுப்பினால் ஆயுள் முழுக்கத் தொந்தரவு தராத கேவர்னோமாக்களைக் கண்டுபிடித்து, பலரைக் காரணமில்லாமல் கலங்கடிப்பதுதான் மிச்சமாகும். யாருக்கு ஸ்கேன் வேண்டும் என்று பிரித்தறியும் வழிதான் விரல் சோதனை, ஸ்டெதாஸ்கோப், ‘ஒலி கேட்கிறதா’ என்ற ஒரு கேள்வி. செலவைக் குறைக்க விரும்புகிறவர்கள்தான் முதலில் இவற்றை வற்புறுத்த வேண்டும். மேலும், புலத்தில் பாதி போவதற்கு ரத்தக்குழாய்ப் பிறழ்வு மட்டும் காரணமில்லை. பக்கவாதமும் கட்டியும் இன்னும் அதிகமாகக் காரணமாகின்றன. ஒரே சோதனை எல்லாவற்றையும் பிடிக்கும்.

கண்டுபிடித்த பிறகு எழும் கேள்வி இன்னும் கடினமானது. உடையாத ஒரு பின்னல் பிடரி மடலில் இருக்கிறது, எடுப்பதா, விடுவதா? 1986-ல் ஸ்பெட்ஸ்லர், மார்ட்டின் என்ற அறுவை நிபுணர்கள் ஒரு தரவரிசை வகுத்தார்கள். பின்னலின் அளவு, ஆழ்சிரைகளில் வடிகிறதா என்பது, மூளையின் முக்கியமான செயற்பகுதியில் இருக்கிறதா என்பது ஆகிய மூன்றுக்கும் புள்ளி கொடுத்து அறுவை சிகிச்சையின் ஆபத்தைக் கணக்கிடும் முறை அது. இன்றும் உலகெங்கும் அதையே பயன்படுத்துகிறார்கள். அதில் பேச்சுக்கும் கைகால் அசைவுக்கும் உரிய பகுதிகளோடு பார்வைப் பகுதியும் முக்கியமானதாகவே எண்ணப்படுகிறது. சிகிச்சை முடிந்த பிறகு விளைவை அளக்கும் அளவுகோல் வேறு. மாற்றியமைத்த ராங்கின் அளவுகோல் எனப்படும் அதில் பூஜ்யம் என்றால் எந்தக் குறையும் இல்லை, ஆறு என்றால் மரணம். அறிகுறி இருந்தாலும் அன்றாட வேலைகளைச் செய்ய முடிந்தால் ஒன்று. பழைய வேலை சிலவற்றை விட்டுவிட்டாலும் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொண்டால் இரண்டு. பாதி உலகத்தை இழந்து நடமாடும் ஒருவர் பெரும்பாலும் இந்த ஒன்றிலோ இரண்டிலோதான் வருவார். நல்ல பலன் என்றே அது பதிவாகிவிடும். வெட்டுவதற்கு முன் முக்கியமானது என்று எண்ணிய அதே பகுதி, வெட்டிய பிறகு எண்ணிக்கையிலிருந்து நழுவுகிறது. இந்தத் துறையின் மிகப் பெரிய முரண்பாடாக எனக்குப் படுவது இதுதான்.

பெரிய ஆய்வுகளும் இந்தக் குறைக்கு விலக்கல்ல. அரூபா என்ற பன்னாட்டு ஆய்வு உடையாத பின்னல் உள்ளவர்களை இரு பிரிவாக்கியது. ஒரு பிரிவுக்கு மருந்து மட்டும். மற்றதுக்கு மருந்தோடு அறுவை, கதிர், பசை அடைப்பு இவற்றில் ஏதோ ஒன்றோ பலவோ. 2014-ல் வெளியான முடிவின்படி, சராசரி 33 மாதத் தொடர்காணலில் மரணமோ பக்கவாதமோ நேர்ந்தது மருந்துப் பிரிவில் 10.1 சதவீதம், சிகிச்சைப் பிரிவில் 30.7 சதவீதம். அதே ஆண்டு ஸ்காட்லாந்தில் 204 பேரைப் பன்னிரண்டு ஆண்டுகள் வரை தொடர்ந்து கவனித்த ஆய்வும் சும்மா விட்டுவைப்பதன் பக்கமே சாய்ந்தது. அரூபாவைக் கண்டித்த அறுவை நிபுணர்கள் சொல்வது: ஆயுள் முழுக்க இருக்கும் ஆபத்தை மூன்றாண்டில் அளக்க முடியாது, எளிதில் எடுக்கக்கூடிய சிறு பின்னல்களுக்கு அறுவை சிகிச்சை குறைவாகவே நடந்தது. இந்தக் கண்டனத்தில் நியாயம் உண்டு. முப்பது வயதுக்காரருக்கு ஆண்டுக்கு ஒரு சதவீத ஆபத்தும் நாற்பது ஆண்டுகளில் கூடி நிற்கும். ஆனால் இரு தரப்பும் மோதிக்கொண்டது மரணத்தையும் பக்கவாதத்தையும் பொதுவான ஊனத்தையும் வைத்துத்தான். தீர்ப்புத் தராசில் பார்வைப் புலம் தனித் தட்டில் ஏறவில்லை.

உயிர்தான் முதலில், பார்வை அதற்கப்புறம் என்பது இங்கே எழும் வலுவான ஆட்சேபம். ரத்தம் கசிந்து உயிருக்குப் போராடுகிறவரிடம் புலமானியைக் கொண்டுபோக வேண்டும் என்று யாரும் சொல்லமாட்டார்கள். அங்கே ஆட்சேபம் முழுக்கச் சரி. உடையாத பின்னலில் நிலைமை வேறு. ஒரு பக்கம் பல ஆண்டுகளில் நேரலாம், நேராமலும் போகலாம் என்ற கசிவு. மறு பக்கம் பார்வைப் பகுதியில் கத்தி வைத்தால் அடுத்த நாளே வரக்கூடிய இழப்பு. இந்த இரண்டையும் ஒப்பிட வேண்டியவர் நோயாளி. தையல் தொழிலாளிக்கும் லாரி ஓட்டுநருக்கும் ஆசிரியருக்கும் இந்த ஒப்பீடு ஒரே மாதிரி அமையாது. புலம் எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு போகக்கூடும் என்ற விவரம் கையில் இல்லாமல் அவரால் ஒப்பிடவே முடியாது.

அளந்து பார்ப்பதால் முடிவே மாறிவிடும் என்பதற்கு ஓர் எளிய நிலையை எண்ணிப் பாருங்கள். ஒரே அளவு, ஒரே இடத்தில் பின்னல் உள்ள இருவர். ஒருவருக்குப் பழைய கசிவினால் அந்தப் பாதிப் புலம் ஏற்கெனவே போய்விட்டது. மற்றவருக்கு முழுப் புலமும் இருக்கிறது. முதலாமவர் அறுவை சிகிச்சையில் பார்வையைப் பொறுத்தவரை இழக்கப்போவது ஏதுமில்லை, மறுகசிவிலிருந்து தப்பும் லாபம் பெரிது. இரண்டாமவர் இழப்பதற்கு எல்லாம் இருக்கிறது. ஸ்கேன் படத்தில் பின்னல் இருவருக்கும் ஒன்றுபோலவே தெரியும். ஸ்பெட்ஸ்லர்–மார்ட்டின் புள்ளியும் ஒன்றாகவே இருக்கும். பார்வையில் இருவருக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டுவது புல வரைபடம்தான். காக்க வேண்டியது இது என்று தெரிந்துவிட்டால் காக்கும் உத்திகளும் இருக்கின்றன. நரம்பிழைகளின் தடத்தைக் காட்டும் எம்.ஆர்.ஐ. மூலம் பார்வைக் கற்றை பின்னலுக்கு எவ்வளவு அருகில் ஓடுகிறது என்று முன்கூட்டியே அறியலாம். பசையால் அடைப்பதற்கு முன், நோயாளி விழித்திருக்கும்போதே அந்தத் தமனிக் கிளையில் குறுகிய நேர மயக்க மருந்தைச் செலுத்திப் புலம் மறைகிறதா என்று பார்க்கலாம்; மறைந்தால் அந்தக் கிளையை விட்டுவிடலாம். ஸ்டாக்ஹோமில் லார்ஸ் லெக்செல் உருவாக்கி 1968-ல் செயல்படத் தொடங்கிய காமா நைஃப் கதிர்முறை, மூன்று சென்டிமீட்டருக்குக் குறைந்த பின்னல்களில் பெரும்பாலானவற்றை மூடிவிடுகிறது. ஆனால் மூடுவதற்கு இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். அதுவரை கசிவின் ஆபத்து தீராது. கதிரினால் வரும் வீக்கமும் மாதங்கள் கழித்துப் புலத்தைத் தொடலாம். ஆகவே அதற்குப் பிறகும் அளந்துகொண்டே இருக்க வேண்டும்.

பாதிப் புலம் போனாலும் மனிதர்கள் பழகிக்கொள்கிறார்கள் என்றும் சொல்வதுண்டு. சிலர் பழகிக்கொள்கிறார்கள், தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கக் கற்றுக்கொள்கிறார்கள். ஆனால் படிப்பதில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். தமிழை இடமிருந்து வலமாகப் படிக்கிறோம். இடப்பக்கம் போனவருக்கு ஒரு வரி முடிந்ததும் அடுத்த வரியின் தொடக்கம் அகப்படாது. ஒரே வரியைத் திரும்பப் படிப்பார் அல்லது ஒரு வரியைத் தாண்டிவிடுவார். ஓரத்தில் விரலையோ ஸ்கேலையோ வைத்துக்கொண்டால் ஓரளவு சமாளிக்கலாம். வலப்பக்கம் போனவர் பாடு இன்னும் கஷ்டம். அடுத்து வரும் எழுத்துகளை முன்கூட்டியே தொட்டுக்கொண்டு ஓடுவதால்தான் நம் கண் வேகமாகப் படிக்கிறது. அந்த முன்னோட்டமே அவருக்கு இல்லை. நம் மொழியில் யார் செய்தார், எப்போது செய்தார், செய்தாரா செய்யவில்லையா என்பதெல்லாம் நீண்ட வினைச்சொல்லின் வால்பகுதியில் இருக்கிறது. ‘சொல்லிக்கொண்டிருந்திருக்கமாட்டார்கள்’ என்ற சொல்லின் முன்பாதி மட்டும் கண்ணில் பட்டால் பொருள் நேர்மாறாகிவிடும். எழுத்துப் பலகையில் தேறிய ஒருவர் செய்தித்தாளைக் கைவிடுவதற்குக் காரணம் சோம்பல் அல்ல. வண்டி ஓட்டுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பக்கத்திலிருந்து குறுக்கே வரும் குழந்தை அவருக்குக் கடைசி நொடி வரை தெரியாது.

புலமானிச் சோதனையை நம்ப முடியாது, நோயாளி களைத்துவிடுவார், தவறான நேரத்தில் பொத்தானை அழுத்துவார் என்பது நிபுணர்களே சொல்லும் குறை. முதல் முறை செய்யும்போது இது உண்மை. இரண்டாம் முறை செய்தால் தெளிவு வரும். பாதிப் புல இழப்பு, மையக்கோட்டை ஒட்டிக் கத்தரித்ததுபோல் இரு கண்ணிலும் ஒரே வடிவில் வருவதால் களைப்பினால் வரும் பிழையிலிருந்து அதைப் பிரித்துவிடலாம். கசிவுக்குப் பிறகு புலம் திரும்புவதாக இருந்தால் பெரும்பாலும் முதல் மூன்று மாதத்தில் திரும்பும். ஆறு மாதத்துக்குப் பிறகு மீட்சி குறைவு. அதனால் தொடக்கத்தில் ஒன்று, மூன்றாம் மாதம் ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று என வரைபடம் எடுத்து வைத்தால் போதும். திரும்பாத பாதியைப் பயிற்சியால் மீட்டுத் தருவதாகச் சொல்லிப் பணம் வாங்கும் திட்டங்களுக்கு உறுதியான சான்று இல்லை. காணாத பக்கத்துக்குக் கண்ணை வேகமாக ஓட்டிப் பழகும் பயிற்சி பலருக்கு உதவுகிறது. கண்ணாடியில் ஒட்டும் பட்டகம் சிலருக்குப் பயன்படுகிறது. இவற்றால் இழந்த பார்வை திரும்புவதில்லை. இருப்பதை வைத்துக்கொண்டு வாழ்வது எளிதாகிறது. அதுவே பெரிய உதவி.

இந்தியாவின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, பார்வைக் குறையை வரையறுக்கும்போது கூர்மையை மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. புலம் 40 பாகைக்குக் குறைந்தால் குறைபார்வை, 10 பாகைக்குக் குறைந்தால் பார்வையின்மை என்று புலத்தையும் ஓர் அளவாக ஏற்றிருக்கிறது. சட்டம் ஏற்றதை நோயாளியின் கோப்பும் ஏற்க வேண்டும். உங்கள் வீட்டில் யாருக்காவது மூளையில் ரத்தக்குழாய்ப் பின்னல் என்று சொல்லி அறுவைக்கோ கதிருக்கோ பசை அடைப்புக்கோ நாள் குறித்திருந்தால், அவசர நிலை இல்லாதபட்சத்தில், சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் பார்வைப் புல வரைபடம் எடுத்தாகிவிட்டதா என்று கேளுங்கள். எடுக்கவில்லை என்றால் எடுக்கச் சொல்லுங்கள். சிகிச்சையில் அதில் எந்தப் பகுதி போகக்கூடும் என்று மருத்துவரையே அந்தத் தாளில் குறித்துக்காட்டச் சொல்லுங்கள். அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருங்கள். ஆறு மாதம் கழித்து எடுக்கும் படத்தோடு அதை ஒப்பிட வேண்டியிருக்கும்.